கல்லூரிக் கற்றல் தளங்களில் புதிய மென்பொருள் ஒருங்கிணைப்பும் தமிழ்த்துறையின் கோரிக்கையும்: போடிநாயக்கனூர் – போடிமெட்டு மலைச்சரிவை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

கல்லூரிகளின் இணையவழிக் கற்றல் தளங்களோடு புதிய மென்பொருள்களை இணைத்துத் தருமாறு கற்பிக்கும் துறைகள் நிருவாகத்திடம் கோரும் நிலை இன்று இயல்பாகியுள்ளது. அக்கோரிக்கை ஒரு மென்பொருளின் பெயரைச் சுட்டுவதோடு நின்றுவிடுமாயின், தமிழ் எழுத்தமைப்பு, சொல்லமைப்பு, மாணவர் வாழும் நிலச்சூழல் ஆகிய மூன்றும் கணக்கில் வாராமற்போகும். அதன் விளைவு மாணவரின் மதிப்பெண்ணில் வந்து முடியும். ஒருங்கிணைப்புக் கோரிக்கை என்பது கணினிப் பிரிவுக்கு விடுக்கும் வேண்டுகோள் மட்டுமன்று; அது தமிழ்த்துறை எழுதவேண்டிய மொழியியல் ஆவணமுமாகும் என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. தேனி மாவட்டத்துப் போடிநாயக்கனூரும் அதன் மேற்கே உயரும் ஏலமலைச் சரிவும் ஆய்வுக்களமாகக் கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: கற்றல் மேலாண்மைத் தளம், மென்பொருள் ஒருங்கிணைப்பு, ஒருங்குறி, இயல்பாக்கம், குறுவிடை மதிப்பீடு, போடிமெட்டு.

முன்னுரை

பாடக்குறிப்பு வழங்கல், ஒப்படைவு பெறுதல், தேர்வு நடத்துதல், மதிப்பெண் பதிதல் ஆகியவற்றை ஒரே இடத்தில் நிகழ்த்தும் மென்பொருள் கற்றல் மேலாண்மைத் தளம் எனப்படுகிறது. ஆத்திரேலியாவின் மார்ட்டின் டௌகியாமசு உருவாக்கி 2002-ஆம் ஆண்டு முதற்பதிப்பாக வெளியிட்ட மூடில், இவ்வகைத் தளங்களுள் உலகெங்கும் பரவலாக வழங்கும் திறந்த மூல மென்பொருளாகும். 2020-ஆம் ஆண்டுப் பெருந்தொற்றுக்குப் பின் இத்தகைய தளங்கள் தமிழகக் கல்லூரிகளின் அன்றாட நடைமுறையில் வேரூன்றின. நடுவண் அரசின் சுவயம் தளம் 2017-இல் தொடங்கப்பட்டது. ஒரு பருவத்தின் பாடங்களுள் 40 விழுக்காடு வரை அத்தளத்தின் வழிப் பயில இடமளிக்கும் பல்கலைக்கழக மானியக் குழுவின் ஒழுங்குமுறை 2021-இல் வந்தது. தமிழக அரசின் நான் முதல்வன் திட்டம் 2022-இல் தொடங்கியது. இவற்றால் கல்லூரித் தளம் தனித்து நிற்கும் நிலை மாறி, பல மென்பொருள்களோடு பேசவேண்டிய நிலை உருவாயிற்று.

இச்சூழலில் துறைகள் தத்தம் தேவைக்கேற்பப் புதிய கருவிகளைக் கோருகின்றன. கணிதத் துறைக்குச் சமன்பாட்டுக் கருவியும், வணிகவியல் துறைக்குக் கணக்குப்பதிவுப் பயிற்சியும் வேண்டப்படுதல் போலத் தமிழ்த்துறைக்கு அகராதி, யாப்பு அலகிடல், எழுத்துணரி, ஒப்புமை ஆய்வு, குறுவிடைத் தேர்வு முதலிய கருவிகள் வேண்டப்படுகின்றன. இவற்றைக் கோரும் முறை எவ்வாறு அமையவேண்டும் என்பதே இக்கட்டுரையின் வினா.

1. ஒருங்கிணைப்பின் வகைகள்

கற்றல் தளத்தோடு வேறு மென்பொருளை இணைக்கும் வழிகளை மூவகைப்படுத்தலாம்.

முதலாவது, செருகுநிரல். இது தளத்தின் சேவையகத்திலேயே நிறுவப்பட்டுத் தளத்தின் உறுப்பாகவே இயங்கும். நிறுவுவதற்குத் தள மேலாளரின் அதிகாரம் வேண்டும். தளத்தின் பதிப்பு மாறும்போதெல்லாம் செருகுநிரலும் அதற்கேற்ப மாறவேண்டும்.

இரண்டாவது, பாடப்பொதி. வெளியே உருவாக்கிய பாடத்தை ஒரே கோப்பாகக் கட்டித் தளத்தில் ஏற்றுவது இவ்வகை. 2001-இல் வெளிவந்த சுகார்ம் 1.2 செந்தரம் இவ்வகையில் முன்னோடி. நார்வேயில் தோன்றிய எச்5பி வகைப் பயிற்சிகளும் இதன்பாற்படும். 2020-இல் வந்த 3.9 பதிப்பிலிருந்து மூடில் தளம் எச்5பி-யைத் தன்னுள்ளேயே ஒரு செயற்பாடாகக் கொண்டுள்ளது.

மூன்றாவது, புறக்கருவி. கருவி வேறொரு நிறுவனத்தின் சேவையகத்தில் இருக்கும். மாணவர் கல்லூரித் தளத்தில் ஓர் இணைப்பை அழுத்தியதும் அங்குச் சென்று பயின்று திரும்புவார். மதிப்பெண் மட்டும் கல்லூரித் தளத்தின் மதிப்பெண் ஏட்டுக்கு வந்து சேரும். இந்தப் போக்குவரத்தை நெறிப்படுத்தும் கற்றல் கருவி இயைபுச் செந்தரத்தின் (எல்.டி.ஐ.) முதற்பதிப்பு 2010-இலும், பாதுகாப்பு மிகுந்த 1.3 பதிப்பு 2019-இலும் வெளிவந்தன.

இவ்வகைப்பாடு தொழில்நுட்பம் சார்ந்தது போலத் தோன்றினும், மொழியாசிரியருக்கு இதில் ஓர் அடிப்படை வினா அடங்கியுள்ளது. மாணவர் எழுதிய விடையையும் ஆசிரியர் வைத்த விடையையும் ஒப்பிடும் இடம் எது? செருகுநிரலில் அந்த ஒப்பீடு கல்லூரியின் சேவையகத்தில் நிகழும்; விதி பொருந்தவில்லையெனில் திருத்த வழியுண்டு. புறக்கருவியில் அது வேறொருவர் இல்லத்தில் நிகழும். கல்லூரிக்கு வருவது எண் மட்டுமே. எண் வந்தபின் அது எவ்வாறு வந்தது என ஆராய்வதினும், இணைக்குமுன் விதியைக் கேட்டுப் பெறுவதே எளிது.

2. நிலப்பின்புலம்

போடிநாயக்கனூர் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த நகரம். இங்கிருந்து கொண்டையூசி வளைவுகள் பலவற்றைக் கடந்து ஏறும் தேசிய நெடுஞ்சாலை, தமிழக – கேரள எல்லையிலுள்ள போடிமெட்டை அடைந்து மூணாறு நோக்கிச் செல்கிறது. மலைமேல் ஏலத்தோட்டங்கள், அடிவாரத்தில் ஏலக்காய் வணிகம். தோட்ட வேலைக்காக அடிவார ஊர்களிலிருந்து நாள்தோறும் சீப்புகளில் மலையேறி இறங்கும் தொழிலாளர் வாழ்வு இப்பகுதியின் அடையாளம். 2010-இறுதியில் நிறுத்தப்பட்ட மதுரை – போடி தொடர்வண்டிப் போக்குவரத்து, அகலப்பாதையாக்கத்துக்குப் பின் 2023 சூனில்தான் போடி வரை மீண்டது.

ஏல விவசாயிகள் சங்கக் கல்லூரி, 2012-இல் தொடங்கப்பட்ட அரசு பொறியியல் கல்லூரி ஆகியவை இந்நகரின் உயர்கல்வி நிறுவனங்களுள் அடங்கும். இங்குத் தமிழ்க் கற்பித்தல் கலைக் கல்லூரியின் எல்லைக்குள் மட்டும் நிற்பதன்று. அண்ணா பல்கலைக்கழகம் 2022-ஆம் ஆண்டு முதல் 'தமிழர் மரபு', 'தமிழரும் தொழில்நுட்பமும்' என்னும் இரு தாள்களைப் பொறியியல் மாணவர்க்கு அறிமுகப்படுத்தியமையால், பொறியியல் கல்லூரிகளின் கற்றல் தளங்களிலும் தமிழில் வினாவும் விடையும் இடம்பெறும் தேவை எழுந்துள்ளது.

மலைச்சரிவு கற்றல் தளத்தின்மேல் செலுத்தும் தாக்கம் நேரடியானது. கைப்பேசி அலைகள் மலைமுகடுகளைக் கடப்பதில்லை. கோபுரத்துக்கும் வீட்டுக்கும் இடையே ஒரு முகடு நின்றால் அலை கிட்டாது. ஒரே வகுப்பின் ஒருவர் நகரில் தடையின்றி இணைய, மற்றொருவர் சரிவின் மறைவில் இணைப்பற்றிருப்பார். இந்த வேறுபாட்டைக் கணக்கில் கொள்ளாத ஒருங்கிணைப்பு, வகுப்பறையில் இல்லாத ஒரு புதிய ஏற்றத்தாழ்வை உருவாக்கும்.

3. எழுத்தும் குறியீடும்

தமிழ் இலக்கணம் கூறும் எழுத்தும் கணினி எண்ணும் குறியீடும் ஒன்றல்ல. 'போடிமெட்டு' என்னும் பெயர் போ, டி, மெ, ட், டு என ஐந்தெழுத்து. ஒருங்குறியில் அது பத்துக் குறியீடுகளால் ஆனது. இணையத்தில் வழங்கும் யூடிஎஃப்-8 குறியேற்றத்தில் முப்பது பைட்டுகள். 'ஐந்தெழுத்துச் சொல்லை எழுதுக' என்னும் வினாவுக்கு எழுத்தெண்ணும் கருவி பத்தென்று கூறுமாயின், அக்கருவி தமிழைப் பொறுத்தவரை எண்ணத் தெரியாத கருவியே.

மேலும், 'போ' என்பதிலுள்ள ஓகாரக் குறியை இருவகையில் பதியலாம். ஒரே குறியீடாகப் பதிதல் ஒன்று. முன்வரும் கொம்பையும் பின்வரும் காலையும் தனித்தனிக் குறியீடாகப் பதிதல் மற்றொன்று. திரையில் இரண்டும் ஒன்றே. ஒருங்குறிச் செந்தரம் இவ்விரண்டையும் நிகரானவை என வரையறுத்து, ஒப்பிடுமுன் ஒரு வடிவுக்குக் கொண்டுவரும் 'இயல்பாக்கம்' என்னும் முறையையும் வகுத்துள்ளது. மூடில் தளத்தின் குறுவிடை வினாவகை இவ்வியல்பாக்கத்தை மேற்கொண்டபின்னரே ஒப்பிடுகிறது. புதிதாக இணைக்கப்படும் கருவியும் அவ்வாறே செய்யும் எனக் கருத இடமில்லை, கேட்டறியவேண்டும்.

இயல்பாக்கத்தாலும் தீராத சிக்கல் ஒன்று உண்டு. ஔகாரம் பற்றியது அது. தட்டச்சுப் பொறிக் காலந்தொட்டு ஔகாரத்தின் வலப்பகுதிக்கு ளகரத்தையே பயன்படுத்தும் பழக்கம் தொடர்கிறது. அதனால் 'ஔவையார்' எனும் பெயர் 'ஒளவையார்' என ஒகரமும் ளகரமுமாகவும், 'கௌதமன்' என்பது 'கெளதமன்' என எகரமும் ளகரமுமாகவும் பதியப்படுகின்றன. பல எழுத்துருக்களில் இவ்வேறுபாடு கண்ணுக்கு எட்டாது. ஒருங்குறி இவற்றை நிகராகக் கொள்வதில்லை. கொள்ளவும் இயலாது, ஏனெனில் ஒகரமும் ளகரமும் அடுத்தடுத்து வரும் 'ஒளி' போன்ற சொற்கள் தமிழில் உள்ளன.

இதன் விளைவு யாப்பு அலகிடலில் தெளிவாகப் புலப்படும். 'ஔவையார்' என்பதில் ஔ நேரசை, 'வையார்' ஐகாரக் குறுக்கத்தால் நிரையசை, சீர் கூவிளம். 'ஒளவையார்' எனப் பதிந்தால் 'ஒள' குறிலிணையாகி நிரையசையாகும், சீர் கருவிளமாகிவிடும். எழுத்தெண்ணி அலகிடும் எந்தக் கருவியும் தன் விதிப்படி சரியாகவே இயங்கித் தவறான வாய்பாட்டைத் தரும். மாணவர் கூவிளம் என எழுதினால் கருவி அதனைப் பிழையெனக் காட்டும். திரையைப் பார்க்கும் ஆசிரியருக்கும் மாணவருக்கும் காரணம் தெரியாது.

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழலாம். 'ஒளவையார்' என்பது எழுத்துப்பிழைதானே, அதற்கு மதிப்பெண் குறைவதில் தவறென்ன என்பது அது. கையால் எழுதும் தேர்வில் இப்பிழை நிகழ்வதற்கே வாய்ப்பில்லை. ஒரு வினா சோதிக்க முனைந்தது யாப்பறிவையா, விசைப்பலகை அறிவையா என்பதை முடிவு செய்யும் உரிமை ஆசிரியருடையது. ஒருங்கிணைப்பு அவ்வுரிமையை அவர் அறியாமலே கருவியிடம் ஒப்படைத்துவிடலாகாது என்பதே இங்கு வற்புறுத்தத்தக்கது.

'ஸ்ரீ' என்னும் கூட்டெழுத்திலும் இத்தகைய இரட்டைப் பதிவு உண்டு. 2005-இல் ஒருங்குறியின் 4.1 பதிப்பில் 'ஶ' சேர்க்கப்பட்டபின், அதனை அடியாகக் கொண்ட பதிவும் 'ஸ' அடியாக அமைந்த பழைய பதிவும் வழங்குகின்றன. இவையும் இயல்பாக்கத்தால் ஒன்றாவதில்லை. பதிப்பாசிரியர், நூலாசிரியர் பெயர்களைத் தேடும் நூற்பட்டியல் கருவியில் இது பெயர்களை இரண்டாகப் பிரித்துவிடும்.

அகரவரிசையும் நோக்கத்தக்கது. ஒருங்குறியின் குறியீட்டு எண் வரிசையில் னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும், சகரத்தை அடுத்து ஜகரமும் நிற்கின்றன. மெய்யின் புள்ளியோ உயிர்க்குறிகள் எல்லாவற்றுக்கும் பின்னர் வருகிறது. எண் வரிசைப்படி மட்டும் அடுக்கும் கருவி 'பனை'யை முன்னும் 'பலா'வைப் பின்னும் வைக்கும். உயிர்மெய்க்கு முன் மெய் நிற்கும் அகராதி மரபையும் மாற்றிவிடும். தமிழ் வரிசைமுறைக்கான விதிகள் கணினி உலகில் ஏற்கனவே வகுக்கப்பட்டுள்ளன. கருவி அவற்றைப் பின்பற்றவேண்டும் எனக் கோருவதே செய்யவேண்டுவது.

4. சொல்லும் புணர்ச்சியும்

தமிழ் ஒட்டுநிலை மொழி. பெயர் வேற்றுமை ஏற்கும்போது அடியே மாறும். 'மரம்' என்பது 'மரத்தை' எனவும் 'மரங்கள்' எனவும் வரும். 'மரம்' எனத் தேடினால் 'மரத்தை' கிட்டாது. இதனைத் தவிர்க்க 'மர' என்பதோடு உடுக்குறி இட்டுத் தேடினால் 'மருந்து', 'மரியாதை' ஆகியனவும் வந்து குவியும். ஏனெனில் கணினி 'ரு'வை ஓரெழுத்தாகக் கொள்ளாமல் ரகரத்தோடு ஒட்டிய உகரக் குறியாகவே காண்கிறது.

குறுவிடைத் தேர்விலும் இதே இடர்ப்பாடு நேரும். தமிழின் தொன்மையான இலக்கண நூல் எது என்னும் வினாவுக்குத் 'தொல்காப்பியம்' என்பதை மட்டும் விடையாக வைத்தால், 'தொல்காப்பியமே', 'தொல்காப்பியம் ஆகும்' என எழுதியோர் மதிப்பெண் இழப்பர். 'தொல்காப்பிய' என்பதோடு உடுக்குறி இட்டு நெகிழ்த்தினால் 'தொல்காப்பியர்' என ஆசிரியர் பெயரை எழுதியோரும் மதிப்பெண் பெறுவர். நூலுக்கும் ஆசிரியருக்கும் உள்ள வேறுபாட்டை ஓர் ஈற்றெழுத்துத் தாங்கி நிற்கும் மொழியில், ஈற்றைப் புறக்கணிக்கும் ஒப்பீடு பொருளையே புறக்கணிப்பதாகும். ஆகவே, சொல்வடிவப் பகுப்பாய்வு செய்யும் கருவியைக் கோருதல், அல்லது ஏற்புடைய வடிவங்களை ஆசிரியரே பட்டியலிட இடமளிக்குமாறு கோருதல் என்னும் இரண்டில் ஒன்று தேவைப்படுகிறது.

வல்லினம் மிகும் இடங்களும் இத்தகையவே. 'தமிழ்க் கல்வி', 'தமிழ் கல்வி' என்னும் இரண்டனுள் எதனை ஏற்பது என்பது வினாவின் நோக்கத்தைப் பொறுத்தது. புணர்ச்சி இலக்கணத் தாளில் அது பிழை. கல்வி வரலாற்றுத் தாளில் அது பொருட்டன்று.

5. ஒப்புமை ஆய்வுக் கருவிகள்

ஆய்வேடுகளின் தன்மையைச் சோதிக்கும் ஒப்புமை ஆய்வுக் கருவியைக் கற்றல் தளத்தோடு இணைக்கவேண்டும் என்னும் கோரிக்கை முதுகலை, ஆய்வுப் பட்ட வகுப்புகளில் எழுகிறது. இதற்கு அடிப்படையாக அமைவது பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் வெளியிட்ட கல்வி நேர்மை ஒழுங்குமுறை. ஒப்புமை 10 விழுக்காடு வரை எனில் தண்டனையில்லை. அதற்கு மேல் 40 வரை, 40-க்கு மேல் 60 வரை, 60-க்கு மேல் என மூன்று படிநிலைகளும் அவற்றுக்கேற்ற நடவடிக்கைகளும் அதில் வகுக்கப்பட்டுள்ளன. தொடர்ந்து வரும் பதினான்கு சொற்கள் வரையிலான பொதுவழக்குத் தொடர்கள் கணக்கினின்று விலக்கப்படுகின்றன.

இந்தப் பதினான்கு என்னும் எண் தமிழுக்கு எவ்வாறு பொருந்தும் என்பது ஆராயத்தக்கது. 'போய்க்கொண்டிருந்தவர்களுக்கு' என்னும் ஒரு தமிழ்ச்சொல் கூறுவதை ஆங்கிலம் பல சொற்களால் கூறும். ஆகவே பதினான்கு தமிழ்ச் சொற்கள் ஆங்கிலத்தின் பதினான்கு சொற்களைவிட மிகுந்த பொருளைத் தாங்குகின்றன. மறுபுறம், செய்யுள் மேற்கோளைச் சீர்பிரித்து ஒருவரும் சந்தி பிரித்து மற்றொருவரும் எழுதினால், ஒரே பாடல் சொல்லெண்ணிக்கையில் இரண்டாகும். மேற்கோள்களை விலக்கும் கருவி மேற்கோள் குறியை நம்பியே விலக்குமாயின், தனிப்பத்தியாக அடிவரிசையில் தரப்படும் பழம்பாடல்கள் ஆய்வாளரின் படியெடுப்பாகக் கணக்கிடப்படக்கூடும்.

இதற்கு நேர்மாறான குறையும் உண்டு. ஒருங்குறி பரவுமுன் தமிழ் உரைகள் டிசுகி, டாப், டாம், பாமினி முதலிய பல குறியேற்றங்களில் உருவாயின. 2010-இல் தமிழக அரசு ஒருங்குறியையும் டேஸ்-16 குறியேற்றத்தையும் ஏற்றபின்னும் பழைய கோப்புகள் அவ்வாறே உள்ளன. அவற்றுள் பல திரையில் தமிழாகத் தோன்றினும் உள்ளே அயல் எழுத்துகளாகவே இருக்கும். ஒருங்குறி மட்டும் அறிந்த கருவிக்கு அவை தமிழ் அல்ல. அத்தகைய மூலத்திலிருந்து எடுத்ததைக் கருவி காணாது. ஒருங்குறியில் நேர்மையாக மேற்கோள் காட்டியதைக் காணும். ஆகவே, கருவி தரும் விழுக்காட்டைத் தீர்ப்பாகக் கொள்ளாமல், தமிழறிந்த ஆசிரியர் ஒருவர் பார்வையிடும் இடைநிலையை ஒருங்கிணைப்பிலேயே அமைக்கக் கோரவேண்டும்.

6. இணைப்பற்ற நிலையும் மாணவர் தரவும்

மூடில் தளத்தின் கைப்பேசிச் செயலி, பாடங்களை முன்கூட்டியே இறக்கிக்கொண்டு இணைப்பின்றிப் படிக்க இடமளிக்கிறது. ஆசிரியர் அனுமதித்தால் தேர்வையும் இணைப்பின்றி எழுதிப் பின்னர் இணைப்புக் கிட்டும்போது விடையை அனுப்பலாம். எச்5பி பயிற்சிகளும் இவ்வாறு இயலும். ஆனால் புறக்கருவி வேறொரு சேவையகத்தில் இருப்பதால், அதனைத் திறந்து பயிலும் நேரம் முழுதும் இணைப்பு வேண்டும். ஆகவே ஒவ்வொரு புறக்கருவியும் பாடத்தின் ஒரு பகுதியை இணைப்பற்ற மாணவரின் கைக்கு எட்டாத இடத்துக்கு நகர்த்துகிறது. புதிய வசதி சேர்வதாகத் தோன்றும் இடத்திலேயே பழைய வசதி ஒன்று கழிகிறது என்பது மலைச்சரிவுக் கல்லூரிகள் சிறப்பாக நினைவிற்கொள்ளவேண்டிய செய்தி. உள்நுழையும் ஒவ்வொரு முறையும் ஒருமுறைக் கடவுச்சொல் கேட்கும் கருவிகளுக்கும் இது பொருந்தும். குறுஞ்செய்தி வருமுன் தேர்வு நேரம் கழிந்துவிடும்.

எனவே, தரமதிப்பீட்டுக்குரிய செயற்பாடுகளைச் செருகுநிரலாகவோ பாடப்பொதியாகவோ கோருவதும், புறக்கருவிகளைக் கல்லூரி ஆய்வகத்தில் செய்யத்தக்க பயிற்சிகளுக்கு மட்டும் கொள்வதும் இப்பகுதிக்கு ஏற்ற பாகுபாடாகும்.

அடுத்து மாணவர் தரவு. புறக்கருவியை அழைக்கும்போது மாணவரின் அடையாள எண், பங்கு, பாடம் ஆகியவற்றோடு பெயரும் மின்னஞ்சலும் அனுப்பப்படலாம். இவ்விரண்டையும் அனுப்பாமல் நிறுத்தும் அமைப்பு மூடிலில் உள்ளது. எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023, பதினெட்டு வயது நிறையாதவரைக் குழந்தையென வரையறுக்கிறது; முதலாமாண்டு மாணவருள் பதினேழு வயதினர் உளர். ஆகவே, மதிப்பெண் திரும்பி வருவதற்கு எத்தரவு இன்றியமையாததோ அதனை மட்டும் அனுப்புக என்பது கோரிக்கையின் ஒரு கூறாக அமையவேண்டும்.

7. மாதிரி பார்க்கும் மரபும் சோதனைச் சொற்றொகுதியும்

போடிநாயக்கனூர் ஏலக்காய் வணிகத்தில் 2007-ஆம் ஆண்டு நறுமணப் பொருள்கள் வாரியம் மின்னேல முறையைக் கொணர்ந்தது. 2021-இல் போடியையும் கேரளத்தின் புத்தடியையும் மேகக்கணிமை வழி இணைத்து, ஓரிடத்து வணிகர் மற்றோரிடத்து ஏலத்திலும் பங்குகொள்ள வழிசெய்யப்பட்டது. இரு தனி அமைப்புகளை ஒன்றாக்கிய இதுவும் ஓர் ஒருங்கிணைப்பே. விலை கூறும் முறை கணினிக்கு மாறியபோதும், காயின் நிறம், பருமன், லிட்டர் எடை ஆகியவற்றை மாதிரியைக் கொண்டு மதிப்பிடும் வழக்கம் கைவிடப்படவில்லை. மாதிரி பாராமல் விலை கூறுவாரில்லை.

கற்றல் தளத்துக்கு மென்பொருள் கோருவோரும் இந்நடைமுறையைக் கைக்கொள்ளலாம். மென்பொருள் விற்போர் காட்டும் செயல்விளக்கம் அவர்கள் தேர்ந்தெடுத்த சொற்களால் ஆனது. துறை தன் சொற்களால் சோதிக்கவேண்டும். அதற்கெனப் பின்வரும் சோதனைகள் முன்மொழியப்படுகின்றன:

(அ) 'போடிநாயக்கனூர்' என்னும் சொல்லை ஓகாரக் குறியின் இருவகைப் பதிவிலும் உள்ளிடுதல். இரண்டும் ஒன்றெனக் கொள்ளப்படவேண்டும். எழுத்தெண்ணிக்கை எட்டாகக் காட்டப்படவேண்டும்.

(ஆ) 'ஔவையார்', 'ஒளவையார்' என்னும் இரண்டையும் உள்ளிடுதல். கருவி இரண்டையும் ஏற்கவேண்டும், அல்லது வேறுபாட்டை ஆசிரியருக்குச் சுட்டிக்காட்டவேண்டும்.

(இ) 'ஸ்ரீ' என்பதன் இருவகைப் பதிவுகளையும் கொண்ட பெயர்களைத் தேடுதல். ஒன்றைத் தேடின் இரண்டும் கிட்டவேண்டும்.

(ஈ) பலா, பனை, நறை, நன்று ஆகிய சொற்களை அகரவரிசைப்படுத்துதல். நறை, நன்று, பலா, பனை என்னும் முறை வரவேண்டும்.

(உ) 'மரம்' எனத் தேடுதல். 'மரத்தை' கிட்டவேண்டும், 'மருந்து' கிட்டலாகாது.

(ஊ) இணைப்பைத் துண்டித்துத் தேர்வின் நடுவே விடையளித்து, பின்னர் இணைத்தல். விடை இழக்கப்படலாகாது.

இவ்வாறும் பொருந்தாத கருவி பயனற்றது என்பதில்லை. எங்குப் பொருந்தவில்லை என்பது முன்னரே தெரிந்திருந்தால், அவ்விடத்தில் ஆசிரியர் கையால் மதிப்பிடும் வழியை வகுத்துக்கொள்ளலாம்.

8. கோரிக்கையின் அமைப்பு

மேற்கண்டவற்றால் ஒருங்கிணைப்புக் கோரிக்கைக்குரிய கூறுகள் ஏழு எனக் கொள்ளலாம்: கற்பித்தல் தேவை, வேண்டப்படும் செயல், சோதனைச் சொற்களும் எதிர்பார்க்கும் முடிவும், இணைப்பற்ற நிலையில் இயங்கும் முறை, அனுப்பப்படும் தரவு, கருவியைக் கைவிடும்போது வினாக்களையும் விடைகளையும் திரும்பப் பெறும் வழி, பொறுப்பாளரும் மறுஆய்வுக் காலமும். இவற்றுள் ஆறாவது எளிதில் மறக்கப்படுவது. பல்லாண்டு உழைத்து உருவாக்கிய வினா வங்கி, ஒப்பந்தம் முடிந்ததும் பிறர் சேவையகத்தில் முடங்கிவிடலாகாது.

வேறுபாடு விளங்க இருவகைக் கோரிக்கைகளை ஒப்பிடலாம். 'யாப்பு கற்பிக்க இன்ன பெயருடைய மென்பொருளை இணைத்துத் தர வேண்டுகிறோம்' என்பது ஒன்று. 'இளங்கலை இரண்டாமாண்டு யாப்பிலக்கணத் தாளில் மாணவர் உள்ளிடும் வெண்பாவைச் சீர், அசை, தளை எனப் பகுத்துக் காட்டும் செயல் வேண்டப்படுகிறது. இணைப்பில் தரப்பட்டுள்ள சோதனைச் சொற்களில் ஔகார வேறுபாடு ஆசிரியருக்குச் சுட்டப்படவேண்டும். இணைப்பின்றியும் பயிற்சி இயங்கவேண்டும். மாணவர் பெயரும் மின்னஞ்சலும் வெளிச்செல்லலாகாது. ஒரு பருவம் சோதித்தபின் மறுஆய்வு செய்யப்படும்' என்பது மற்றொன்று. முதலாவதற்கு ஆம், இல்லை என்னும் இரு விடைகளே உண்டு. இரண்டாவதற்குக் கட்டணமற்ற செருகுநிரல், கட்டணக் கருவி, கல்லூரிக் கணினித்துறை மாணவரே எழுதும் நிரல் எனப் பல விடைகள் அமையக்கூடும். அரசு நிறுவனங்களின் கொள்முதலை நெறிப்படுத்தும் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம், 1998, போட்டிக்கு இடமளிக்கும் விவரக்குறிப்பை எதிர்நோக்குவதாலும், பெயரினும் செயலைக் கூறும் கோரிக்கையே நிருவாகத்துக்கும் ஏற்றதாகிறது.

முடிவுரை

இவ்வாய்வின்வழிப் பெறப்படும் முடிவுகள் வருமாறு:

இலக்கணம் கூறும் எழுத்தும் ஒருங்குறிக் குறியீடும் வேறுபடுவதால், எழுத்தெண்ணல், அகரவரிசை, தேடல், விடை ஒப்பீடு ஆகிய நான்கிலும் தமிழுக்கெனத் தனிச் சோதனை தேவைப்படுகிறது. இயல்பாக்கம் ஓகார வகைச் சிக்கலைத் தீர்க்கும். ஔகார – ளகர மயக்கத்தைத் தீர்க்காது.

ஒட்டுநிலை மொழியின் ஈறுகளைப் புறக்கணிக்கும் ஒப்பீடும், சிறிதும் நெகிழாத ஒப்பீடும் ஒருசேர மாணவரைப் பிழையாக மதிப்பிடுகின்றன. எதனை ஏற்பது என்னும் முடிவு ஆசிரியரிடமே இருக்கவேண்டும்.

மலைச்சரிவு போன்ற நிலங்களில் புறக்கருவிகள் இணைப்பற்ற கற்றலைக் குறைக்கின்றன. தரமதிப்பீட்டுக்குரியவை இணைப்பின்றி இயங்கும் வகையினவாதல் வேண்டும்.

கோரிக்கை பெயரைச் சுட்டாமல் செயலைச் சுட்டி, சோதனைச் சொற்றொகுதியோடு அமையவேண்டும். அச்சொற்றொகுதியைத் தொகுக்கும் தகுதி தமிழ்த்துறைக்கே உரியது. கணினிப் பிரிவு கருவியை இணைக்கும். அது தமிழை அறியுமா என்பதைத் தமிழ்த்துறையே சொல்லவேண்டும்.

ஒரு பல்கலைக்கழகத்தின் இணைவுக் கல்லூரிகளில் உள்ள தமிழ்த்துறைகள் தத்தம் சோதனைச் சொற்களைத் தொகுத்து ஒரு பொதுத்தொகுதியாக்குமாயின், தனித்தனிக் கல்லூரிக்கு இயலாத பேரம் அவற்றுக்குக் கூட்டாக இயலும். அத்தொகுதியை உருவாக்குதல் இத்துறையில் அடுத்து மேற்கொள்ளத்தக்க ஆய்வாகும்.